கட்டிகினு கீறேன்

ஃப்ளோரன்ஸ் தன் ஐம்பத்திரண்டாவது வயதில் முதன்முதலாகக் கைக்கடிகாரம் கட்டினாள். கட்டிய பத்தாவது நிமிஷம், அப்படி ஒருத்தி அங்கே இல்லவே இல்லை என்று அந்தக் கடிகாரம் அறிவித்துவிட்டது. வேறு யாராவது என்றால் கழற்றி வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போயிருப்பார்கள். அவளால் முடியவில்லை. ஏன் என்று புரிய வேண்டுமானால் முதலில் அவளைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

பிறந்தது ராயபுரம், கோயில் மணி அடித்தால் வீட்டுப் பாத்திரம் அதிரும் தூரத்தில். வாழ்க்கைப்பட்டது திருவொற்றியூரில், எண்ணூர் விரைவுச் சாலையை ஒட்டிய ஒரு சந்தில். அதற்கு விரைவுச் சாலை என்று பெயர் வைத்த புண்ணியவான் நல்ல குறும்புக்காரன். துறைமுகத்துக்குள் போக வேண்டிய கன்டெய்னர் லாரிகள் அங்கே மணிக்கணக்கில் அசையாமல் நிற்கும். ஊருக்கு அது பேஜாரு. ஃப்ளோரன்ஸுக்கு அதுதான் பிழைப்பு. விடியற்காலையில் இட்லி, வடகறிப் பொட்டலங்களைக் கூடையில் அடுக்கிக்கொண்டு வரிசையின் தலையிலிருந்து வால்வரை நடப்பாள். டிரைவர்கள் கீழே இறங்க மாட்டார்கள். இறங்கினால் பின்னாலிருப்பவன் முந்திவிடுவான். அதனால் "நாஷ்டா!" என்று ஒரு கத்து, கதவில் ஒரு தட்டு, கையை உயர்த்தி மேலே ஒரு பொட்டலம். வரிசை எவ்வளவு நீளமோ அவ்வளவு நடை.

சம்பளமில்லாத உத்தியோகம் ஒன்றும் அவளுக்கு உண்டு. சந்துக்குத் தண்ணீர் லாரி வரும் நாளில் குடங்களின் வரிசைக்கு அவள்தான் நீதிபதி. அவளுடைய சட்டப் புத்தகத்தில் ஒரே ஒரு சட்டம்தான்: "குடம் நின்னா ஆளு நின்ன மாதிரி." ஆள் வேலைக்குப் போயிருக்கலாம், குளித்துக்கொண்டிருக்கலாம். குடம் வரிசையில் இருந்தால் ஆளும் இருப்பதாகத்தான் அர்த்தம். குடம் இல்லாதவர்கள் செங்கல் வைக்கலாம், பழைய செருப்பு வைக்கலாம். ஒரு தரம் பக்கத்து வீட்டு ஜஹானாரா அவசரத்துக்குத் தன் பிரஷர் குக்கர் மூடியை வைத்துவிட்டுப் போனாள். அந்த மூடிக்கும் மரியாதையாக இரண்டு குடம் தண்ணீர் கிடைத்தது.

இப்படிப்பட்டவளுக்கு நடந்த அநியாயம் இது. இரண்டு மழைக்கு முன்னால் சந்தில் வெள்ளம் புகுந்து வடிந்த பிறகு, நிவாரணத்துக்குப் பெயர் எழுத ஒருவர் வந்தார். வந்தது காலை எட்டு மணிக்கு. ஃப்ளோரன்ஸ் லாரி வரிசையில் இருந்தாள். அவள் புருஷன் அருள்நாதன் கன்டெய்னர் யார்டில் இரவுக் காவல் முடித்து வந்து கதவைச் சாத்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். அவர் தூக்கம் தட்டினால் கலைகிற ஜாதி இல்லை. வந்தவர் நாலு தட்டு தட்டிவிட்டு, கதவில் சாக்பீஸால் 'ஆள் இல்லை' என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். உள்ளே குறட்டை தெருமுனை வரை கேட்டுக்கொண்டிருந்தது.

போன அரிசியும் பாயும் அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. "ரெண்டு ஆளு கீது. குத்துக்கல்லாட்டம் கீது. இல்லன்னு எழுதிட்டுப் பூட்டானே!" என்று ஒரு மாசம் புலம்பினாள். கதவுக்கு இரண்டு கோட் பெயின்ட் அடித்த பிறகும், வெயில் சாய்வாக விழும்போது அந்த எழுத்து தெரிகிறது என்பாள். வேறு யார் கண்ணுக்கும் தெரிந்ததில்லை.

இந்த நிலையில்தான் போன மாசிக் கடைசியில் தஹ்சீன் என்ற பெண் பையும் படிவமுமாகச் சந்துக்குள் வந்தாள். வண்ணாரப்பேட்டைப் பெண், பெங்களூரில் தலைமை அலுவலகம் வைத்திருக்கும் ஒரு ஆராய்ச்சிக் குழுவுக்குக் களத்தில் ஆள் சேர்ப்பவள். பையிலிருந்து கறுப்பாக ஒரு கடிகாரத்தை எடுத்துக் காட்டினாள். நேரம் காட்டுவது அதற்குச் சில்லறை வேலைதானாம். நாடித் துடிப்பு, நடை, தூக்கம் எல்லாவற்றையும் பார்த்துப் பெங்களூருக்கே அனுப்பிவிடுமாம்.

"இத இதுவரைக்கும் யாரு கையில கட்டிப் பாத்திருக்காங்க தெரியுமாக்கா? வெளிநாட்ல வெள்ளைக்காரங்க. நம்ம ஊர்ல ஏசி ஆபீஸ்ல குந்திகினு கீறவங்க. வெயில்ல நடக்கறவங்க, இரும்பு தூக்கறவங்க, அத்திப்பட்டு பவர் ஹவுஸ் பக்கம் கரித்தூள் துன்றவங்க, இவங்கள்ல ஒருத்தர் கூட லிஸ்ட்ல இல்ல."

லிஸ்ட்டில் இல்லை என்ற சொல்லைக் கேட்டதும் ஃப்ளோரன்ஸ் இடது கையை நீட்டிவிட்டாள்.

"ஒரு கண்டிஷன் கீதுக்கா. முப்பது நாளு, தெனம் இருவது மணி நேரம் கையிலயே இருக்கணும். ஒழுங்கா வந்தா உங்க சந்துக்கு இன்னும் பன்னெண்டு வாட்ச் வரும். கடைசில எல்லாருக்கும் ஹார்ட் டெஸ்ட் கேம்ப். சரியா வரலைன்னா இந்த ஏரியாவையே லிஸ்ட்ல அடிச்சிட்டு வேற பக்கம் போயிடுவாங்க."

"அடிக்க வுட்ருவனா நானு? எழுது பாப்பா என் பேர."

படிவத்தின் பதினாலாவது வரியில், பொடி எழுத்தில், கடிகாரத்தை வேறு எவரும் அணியக் கூடாது என்று இருந்தது. அதை எழுதியவரைத் தவிர உலகத்தில் யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

தஹ்சீன் தெருமுனை தாண்டியதும், கடிகாரத்தோடு அவள் இணைத்துவிட்டுப் போன ஃப்ளோரன்ஸின் போன் டிங்கென்றது. 'கடிகாரம் அணியப்படவில்லை.'

"தோ கட்டிகினு கீறேனே!" என்று அவள் கையைத் தூக்கிப் போனுக்கே காட்டினாள். போன் மசியவில்லை. இறுக்கிக் கட்டினாள், தளர்த்திக் கட்டினாள், சோப்புப் போட்டுக் கழுவிக் கட்டினாள். வலது கைக்கு மாற்றினாள். கணுக்காலில் கட்டப் பார்த்தாள், பெல்ட் எட்டவில்லை. மறுநாள் அதைக் கட்டிக்கொண்டே லாரி வரிசை முழுக்க நடந்துவிட்டு வந்து, போனை ஜஹானாராவிடம் நீட்டினாள். ஜஹானாரா நைட்டி தைப்பவள். ஊசியை வாயில் கவ்விக்கொண்டு படித்தாள்.

"எட்டாயிரம் அடி நடந்துக்கீறன்னு போட்டுக்கீதுடி. ஆனா நாடி இல்லியாம்."

"அப்டின்னா?"

"நாடி இல்லாம நடக்கறது உலகத்துல ஒண்ணுதான் கீது. பேயி."

இந்த இடத்தில் அவள் கைகளைப் பற்றி ஒரு வார்த்தை. இடது மணிக்கட்டு நிறைய அவள் புருஷன் பெயர் பச்சை குத்தியிருக்கும். கல்யாணமான வருஷம் வேளாங்கண்ணித் திருவிழாவில் குத்தியது. 'அருள்நாதன்' என்றுதான் சொன்னாள். குத்தியவன் காலையிலிருந்து பக்தர்களுக்குக் குத்திக் களைத்தவன். இதுவும் ஆண்டவர் சமாச்சாரம் என்று எண்ணி 'அருள்நாதர்' என்று முடித்துவிட்டான். அருள்நாதனுக்கு அந்த வீட்டில் கிடைத்த மரியாதை அந்த ஒரு எழுத்துதான். செய்த தப்புக்குப் பிராயச்சித்தமாகக் குத்தியவனே வலது மணிக்கட்டைச் சுற்றிக் கொடியும் சிலுவையும் ஓசியில் போட்டுக் கொடுத்தான். ஆக இரண்டு கையிலும் வெற்றிடம் கிடையாது.

தஹ்சீனுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லியிருக்கலாம். ஃப்ளோரன்ஸ் போனைக் கையில் எடுக்கத்தான் செய்தாள். ஆனால் 'உங்க கை சரிப்படல, வேற ஏரியா பாத்துக்கறோம்' என்று சொல்லிவிட்டால்? தன் ஒரு கையால் பன்னிரண்டு வீட்டுக் கடிகாரமும் கேம்ப்பும் போய்விட்டால்? திரும்பவும் ஒரு கதவில் 'ஆள் இல்லை' என்று எழுதப்பட்டுவிட்டால்? நெஞ்சு அடித்துக்கொண்டது. கடிகாரத்துக்கு அதுவும் கேட்கவில்லை.

"கொண்டா, நான் கட்டிப் பாக்கறேன்" என்று ஜஹானாரா சும்மா வாங்கிக் கட்டினாள். இரண்டே நொடியில் எழுபத்தெட்டு என்று பளிச்சென்று எண் வந்தது.

"அடிப்பாவி, உன்கிட்ட மட்டும் பேசுதே!"

அப்போதுதான் ஃப்ளோரன்ஸுக்குத் தன் சட்டம் நினைவுக்கு வந்தது. குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி. கடிகாரம் யாரோ ஒருவர் கையில் ஓடினால் அவள் ஓடிய மாதிரி. இதில் தப்பு எங்கே இருக்கிறது? அன்றைக்கே தண்ணீர்த் தொட்டிச் சுவரில் சாக்பீஸால் முறை எழுதிவிட்டாள். விடியலில் எதிர்வீட்டு வசீம். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் லோடு ஏற்றுபவன், வேலைக்குப் போகுமுன் பாக்சிங் பழகுவான். காலையில் ஜஹானாரா. மதியம் தொடங்கி இரவுக் காவல் முடியும்வரை அருள்நாதன். யாராவது ஐந்து நிமிஷம் தாமதமாகக் கைமாற்றினால் தண்ணீர் வரிசையில் கடைசிக்குத் தள்ளப்படுவார்கள் என்று தீர்ப்பும் சொன்னாள். கடிகாரம் கடமை தவறாமல் ஓடியது. பெங்களூரில் ஒரு திரையில் திருமதி ஃப்ளோரன்ஸ், வயது ஐம்பத்திரண்டு, விடிந்ததும் மூன்று ரவுண்டு குத்துச்சண்டை போட்டு, பிறகு மூன்று மணி நேரம் கையைப் பொடிப்பொடியாக ஆட்டி, மதியம் மலைப்பாம்பு தூங்குவதுபோல் தூங்கிக்கொண்டிருந்தாள்.

இதோடு நின்றிருந்தால் முப்பது நாளும் ஓடியிருக்கும். மாட்டிவிட்டது கடிகாரம் இல்லை, தமிழ்.

தினமும் காலை ஒன்பது மணிக்கு ஆபீஸிலிருந்து ஒரு செய்தி வரும். 'கடிகாரத்தை அணிந்திருக்கிறீர்களா? உடல்நலம் எப்படி?' பிறகு நினைத்த நேரத்தில் இன்னும் இரண்டு: 'இப்போது எங்கே இருக்கிறீர்கள்? என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள்?' ஃப்ளோரன்ஸ் பொய் சொல்ல மாட்டாள். ஒன்பது மணிக்கு ஜஹானாராவின் கையிலிருந்து கடிகாரத்தைப் பிடுங்கித் தன் கையில் கட்டிக்கொண்டு, மாதாவை நினைத்து, சத்தியமாகப் பதில் எழுதுவாள். "கட்டிகினு கீறேன்." "நல்லா கீறேன்." மற்ற நேரங்களில்: "லாரி லைன்ல கீறேன்." "வூட்ல குந்திகினு கீறேன்." ஞாயிற்றுக்கிழமை ஒரு தரம்: "கோயில்ல கீறேன், பூசை நடந்துகினு கீது."

ஊரில் எல்லாரும் இருக்கிறேன் என்பதை வடசென்னை கீறேன் என்று சொல்லும். பெங்களூர் ஆபீஸில் இந்தப் பதில்களை ஆங்கிலமாக்கும் வேலை ஒரு கம்ப்யூட்டருக்கு. அது பாடப்புத்தகத் தமிழ் படித்து வளர்ந்த கம்ப்யூட்டர். கீறுவது என்றால் அதற்குத் தெரிந்தது நகத்தால் கீறுவது ஒன்றுதான். பன்னிரண்டு நாளில் அது ஆபீஸுக்குக் கொடுத்த அறிக்கை வருமாறு: கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு சொறிகிறார். நன்றாகச் சொறிகிறார். லாரி வரிசையில் சொறிகிறார். வீட்டில் உட்கார்ந்து சொறிகிறார். திருப்பலி நடக்கும்போதும் சொறிகிறார்.

ஆபீஸ் அலறிவிட்டது. கடிகாரத்தின் பட்டை ஒரு பெண்மணியின் தோலைத் தின்றுகொண்டிருக்கிறது! பதிமூன்றாம் நாள் மதியம் தஹ்சீனோடு ஒரு தோல் டாக்டரைக் களிம்பு டப்பாவும் கையுமாக அனுப்பிவிட்டார்கள். டாக்டர் கோயம்புத்தூர்க்காரர், பொறுமைசாலி. வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த ஃப்ளோரன்ஸின் முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்தார். ஜஹானாராவும் வேடிக்கை பார்க்க வந்து நின்றாள்.

"கையைக் காட்டுங்கம்மா. எப்ப இருந்துங்க சொறியறீங்க?"

"நான் இன்னாத்துக்கு சொறியணும்?"

"வெக்கப்படாதீங்க. நீங்களேதானுங்க எழுதியிருக்கீங்க. லாரி லைன்ல சொறியறேன், கோயில்ல சொறியறேன்…"

"அய்யே, கோயில்லயாடி?" என்றாள் ஜஹானாரா.

"இன்னா சார் பேசறீங்க? மாதா மேல ஆணையா நான் கோயில்ல கம்முனு கீறேன்!"

"பாத்தீங்களா, இப்பவும் சொல்றீங்க" என்று டாக்டர் குறித்துக்கொண்டார்.

தஹ்சீனுக்கு ஏதோ பொறி தட்டியது. ஃப்ளோரன்ஸின் போனை வாங்கி, அவள் அனுப்பிய செய்திகளை ஒவ்வொன்றாகப் படித்தாள். படித்துவிட்டுத் தண்ணீர் டிரம் மேல் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். விஷயத்தை விளக்கியதும் டாக்டர் களிம்பை மூடிவிட்டார். கிளம்ப எழுந்தவர், ஒரு கடமைக்காகக் கேட்டார்: "அது சரி, வாட்ச் எங்கீங்க?"

ஃப்ளோரன்ஸ் கத்தியோடு எழுந்து நின்றாள். தஹ்சீன் தன் போனில் பார்த்தாள். அவள் நேர் எதிரே கத்தியும் வெங்காயமுமாக நின்றுகொண்டிருந்த ஃப்ளோரன்ஸ் இப்போது ஆழ்ந்த தூக்கத்தில் இருப்பதாக அது சொன்னது. அதே நேரம் வீட்டுக்குள்ளிருந்து ஒரு குறட்டை புறப்பட்டு, உச்சிக்குப் போய், அப்படியே நின்று, சற்றுப் பொறுத்துத் திரும்ப ஆரம்பித்தது.

தஹ்சீன் உள்ளே எட்டிப் பார்த்தாள். அருள்நாதன் போர்வைக்கு வெளியே நீட்டியிருந்த கையில் பச்சை வெளிச்சம் மினுக்மினுக்கென்றது.

ஃப்ளோரன்ஸ் கத்தியைக் கீழே வைத்தாள். முறை எழுதிய சுவரைக் காட்டினாள். எல்லாவற்றையும் சொன்னாள்.

"எங்கையில கட்டினா ஆளே இல்லன்னுது பாப்பா. உங்கிட்ட சொன்னா ஏரியாவ அடிச்சிடுவியேன்னுதான் சொல்லல. என்ன வேணா அடிச்சிக்கோ. சந்த அடிச்சிடாத."

டாக்டர் முகம் மாறியது. உள்ளே போய் அருள்நாதனை எழுப்பாமலே கடிகாரத்தைக் கழற்றி வந்தார். ஃப்ளோரன்ஸின் இடது கையில் கட்டினார். இல்லை. வலது கையில் கட்டினார். இல்லை. கடிகாரத்தைத் திருப்பி, அடியில் எரியும் வெளிச்சத்தைக் காட்டினார்.

"இந்தப் பச்சை வெளிச்சம் தோலுக்குள்ள போய்த் திரும்பி வரணுமுங்க. அதை வெச்சுத்தான் நாடி தெரியும். பச்சை குத்துன மை அதைக் குடிச்சுப்போடுது. தோல் ரொம்பக் கறுப்பா இருந்தாலும் சில வாட்ச்சுக்குத் தகராறுதான்."

"பச்சைக்கும் பச்சைக்கும் ஆவல" என்றாள் ஜஹானாரா.

"எல்லாம் அந்தாளு பேரால வந்தது" என்று ஃப்ளோரன்ஸ் உள்பக்கம் முறைத்தாள்.

தஹ்சீன் மட்டும் சிரிக்கவில்லை. தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "அக்கா, நாங்க இந்தப் பக்கம் வந்ததே இதுக்குத்தான். யாரு கைய இந்த வாட்ச்சு பாக்க மாட்டேங்குதுன்னு கண்டுபிடிக்கத்தான். மொத நாளே கண்டுபிடிச்சிட்டு, மூணு பேர வெச்சு மூடி மறைச்சிட்டியே! தப்பு உன்னுதில்ல. இருவது மணி நேரம்னு மெரட்டினது நான்தான்."

பெங்களூருக்குப் போன் போட்டாள். தமிழ் தெரிந்த மேலதிகாரி ஒருவர் பேசினார். பதினாலாவது வரி என்றார். விதி விதிதான், பெயரை நீக்க வேண்டியதுதான் என்றார். தஹ்சீன் வாதாடிக்கொண்டிருக்கும்போதே ஃப்ளோரன்ஸ் போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"சார், எங்க சந்துல ஆளு இல்லன்னாலும் குடம் நின்னா ஆளு நின்ன மாதிரி. அந்த நெனப்புல செஞ்சிட்டேன், மன்னிச்சிக்கோ. ஆனா உன் வாட்ச்சு இன்னா பண்ணுது? ஆளு நிக்கிது, குடத்தையும் புடிச்சிகினு நிக்கிது, அப்பவும் இல்லன்னுது. அத நம்பி என் பேர அடிக்கிற. ஒருநாள் எனக்கு மார வலிச்சா, இது ஊருக்கெல்லாம் சொல்லும், எனக்கு மட்டும் ஆளே இல்லன்னு சொல்லும். அப்ப நீ யார அடிப்ப?"

எதிர்முனை போனைத் தஹ்சீனிடம் கொடுக்கச் சொன்னது.

முடிவு இப்படி ஆயிற்று. பன்னிரண்டு நாள் கணக்கும் குப்பைக்கு. நாளையிலிருந்து மறுபடி முதல் நாள். பன்னிரண்டு கடிகாரம் கிடையாது, இப்போதைக்கு மூன்று புதிது. ஆளுக்கு ஒன்று, கைமாற்றக் கூடாது. கேம்ப் பற்றிப் பார்க்கலாம் என்றார்கள். ஃப்ளோரன்ஸ் பெயர் நீடிக்கும். கடிகாரம் ஒவ்வொரு தரம் இல்லை என்னும்போதும் அவள் ஒரு நோட்டில் குறித்து வைக்க வேண்டும். டாக்டர் கிளம்பும்போது தஹ்சீனின் போனில் அருள்நாதனின் தூக்கக் கணக்கைப் பார்த்தார். தூக்கத்தில் அவருக்கு மூச்சு நின்று நின்று வருவதுபோல் இருக்கிறது, பெரிய ஆஸ்பத்திரியில் காட்டுங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

"முப்பது வருசமா இதத்தான் நான் சொல்லிகினு கீறேன்" என்றாள் ஃப்ளோரன்ஸ். "வாட்ச்சு சொன்னாத்தான் டாக்டருக்கு ஏறுது."

மறுநாள் காலை லாரி வரிசை எர்ணாவூர் வரை நின்றது. நாலாவது லாரியிலேயே போன் டிங்கென்றது: 'கடிகாரம் அணியப்படவில்லை.' ஃப்ளோரன்ஸ் கூடையை பம்பர் மேல் வைத்தாள். இடுப்பிலிருந்து நாற்பது பக்க நோட்டை எடுத்தாள். அட்டையில் தஹ்சீன் ஆபீஸுக்காகக் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தாள்: 'கீறேன் என்றால் இருக்கிறேன். சொறி இல்லை.' ஃப்ளோரன்ஸ் முதல் பக்கத்தைத் திறந்து எழுதினாள். ஒன்பதாவது லாரியில் மறுபடி டிங்கென்றது, மறுபடி எழுதினாள். வரிசையின் வாலுக்குப் போய்ச் சேர்வதற்குள் பதினேழு தரம்.

"இன்னாக்கா அது, நாஷ்டா கணக்கா?" என்று கடைசி லாரி டிரைவர் மேலிருந்து எட்டிப் பார்த்தான்.

"இல்ல நைனா" என்று அவள் நோட்டைத் தூக்கிக் காட்டினாள். பக்கம் முழுக்க, வரிக்கு வரி, ஒரே வார்த்தை: கீறேன். கீறேன். கீறேன்.